ஏற்றத்திற்கு ஏற்ற மிதிவண்டி

மேட்டுப்பாளையத்திலிருந்து உதகை நோக்கிப் புறப்படும் மலை இரயில், கல்லாறு நிலையம் வரையில் சமவெளி இரயிலைப் போன்றே இயல்பாகச் செல்கிறது. கல்லாற்றைக் கடந்ததும் அதன் நடை மாறிவிடுகிறது. இரு தண்டவாளங்களுக்கு நடுவே பதிக்கப்பட்டுள்ள பல்வரிசையை எஞ்சினின் பற்சக்கரம் கவ்விக்கொள்ள, மணிக்கு 13 கிலோமீட்டர் அளவிலான வேகத்தில் வண்டி குன்னூரை நோக்கி மெல்ல ஏறுகிறது. 12 அடி முன்னே சென்றால் ஓர் அடி உயரும் அளவுக்கு அங்கே பாதை சரிந்துள்ளது. 1899ஆம் ஆண்டு குன்னூர் வரையிலும் 1908ஆம் ஆண்டு உதகை வரையிலும் திறக்கப்பட்ட இப்பாதை, 2005ஆம் ஆண்டு யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களுள் ஒன்றாக இடம்பெற்றது. இதனைக் காண வருவோர் பலர். அதே மலையின் சாலையில் மிதிவண்டியைத் தள்ளிக்கொண்டு ஏறும் மாணவரைக் கவனிப்போர் சிலரே.

தமிழ்நாட்டில் பதினொன்றாம் வகுப்பு என்பது மிதிவண்டியோடு தொடர்புடைய வகுப்பாகும். 2001-2002ஆம் கல்வியாண்டில் ஆதிதிராவிட, பழங்குடியின மாணவியருக்கெனத் தொடங்கப்பட்ட விலையில்லா மிதிவண்டித் திட்டம், பின்னர் அரசுப் பள்ளிகளிலும் அரசு உதவிபெறும் பள்ளிகளிலும் பயிலும் அனைவருக்கும் விரிவாக்கப்பட்டது. பேருந்து வராத சமவெளிச் சிற்றூர்களில் அவ்வண்டி பள்ளியை அருகில் கொண்டுவந்தது. மலையூர்களிலோ அதே வண்டி வீட்டுச் சுவரில் சாய்ந்தபடி நின்றுவிடுவதும் உண்டு. அது வண்டியின் குறையன்று. சமதளச் சாலைக்கென அமைந்த ஒற்றை வேக வண்டி அது. மலைக்கு வேறு வண்டி வேண்டுமெனக் குடும்பத்தார் பணம் சேர்த்துக் கடைக்குச் செல்லும்போதுதான் உண்மையான இடர் தொடங்குகிறது. ஒரு மாத வருமானத்தின் பெரும்பகுதியைச் செலவிட்டு, பார்வைக்கு மலைவண்டி போலத் தோன்றும் ஒன்றை வாங்கி, அதையும் தள்ளிக்கொண்டே ஏற நேர்வது பெரிய இழப்பன்றோ?

கொங்கின் மேடும் பள்ளமும்

கொங்கு நாட்டின் பெரும்பகுதி சமவெளியும் மெல்லிய மேடு பள்ளங்களும் கொண்டது. கோவை நகரம் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 411 மீட்டர் உயரத்தில் உள்ளது. நூற்பாலைகளுக்கும் வார்ப்படச் சாலைகளுக்கும் தொழிலாளர் நாள்தோறும் கனத்த இரும்பு மிதிவண்டிகளில் சென்று திரும்ப இந்நிலம் தடையாக இருந்ததில்லை. ஆனால் இச்சமவெளியின் விளிம்புகள் அனைத்தும் மலைகளே. ஆழியாற்றிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவுகள். பண்ணாரியிலிருந்து திம்பத்திற்கு 27. நாமக்கல் மாவட்டத்தின் கொல்லிமலைக்கு 70. மாங்கரையைத் தாண்டினால் ஆனைகட்டிக்கு ஏற்றம். மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரிக்குச் செல்லும் சாலை ஏறத்தாழ 33 கிலோமீட்டரில் 1,450 மீட்டருக்கும் மேல் உயர்கிறது. அஃதாவது, தொடக்கத்திலுள்ள சமதளப் பகுதியையும் சேர்த்துக் கணக்கிட்டாலே 100 மீட்டருக்கு நான்கரை மீட்டர் அளவில் ஏற்றம் அமைகிறது. மலையடிவாரத்திலிருந்து கணக்கிட்டால் இது மேலும் கூடும்.

ஏற்றம் மட்டுமே தடையன்று. பாலக்காட்டுக் கணவாய் வழியே தென்மேற்குப் பருவக் காலத்தில் வீசும் காற்று, உடுமலை, பல்லடம் பகுதிகளில் காற்றாலைகளைச் சுழற்றுகிறது. மேற்கு நோக்கி மிதிப்பவரைப் பின்னுக்கும் தள்ளுகிறது. எதிர்காற்று கண்ணுக்குத் தெரியாத ஏற்றமாகும். பின்வரும் கணக்கு அதற்கும் ஓரளவு பொருந்தும்.

மிதியின் மேல் விழும் சுமை

ஐம்பது கிலோ எடையுள்ள மாணவர், இருபது கிலோ எடையுள்ள மிதிவண்டி, ஐந்து கிலோ புத்தகப் பை என மொத்தம் 75 கிலோ எனக் கொள்வோம். 100 மீட்டருக்கு 5 மீட்டர் உயரும் சாலையில் புவியீர்ப்பு இம்மொத்த எடையின் இருபதில் ஒரு பங்கை, அஃதாவது 3.75 கிலோ அளவை, பின்னோக்கி இழுக்கிறது. டயர்கள் உருள்வதில் ஏற்படும் தடை ஏறத்தாழ முக்கால் கிலோ. ஆக, நான்கரை கிலோ. மலை இரயில் ஏறும் 12இல் 1 என்ற சரிவாயின் இது 7 கிலோவாக உயர்கிறது. 75 கிலோவை மலைமேல் ஏற்ற 7 கிலோ விசை போதுமெனில் இதில் என்ன கடினம் என்று தோன்றலாம். இந்த 7 கிலோ சாலையின்மேல் சக்கரம் செலுத்த வேண்டிய விசை. மிதியின்மேல் கால் செலுத்த வேண்டியது அதுவன்று.

முன்பற்சக்கரத்தில் 44 பற்களும் பின்பற்சக்கரத்தில் 18 பற்களும் உள்ள ஒற்றை வேக வண்டியில், மிதி ஒருமுறை சுற்றினால் பின்சக்கரம் 2.44 முறை சுற்றும். 28 அங்குலச் சக்கரத்தின் சுற்றளவு ஏறத்தாழ 2.2 மீட்டர். எனவே ஒரு மிதிச்சுற்றுக்கு வண்டி 5.4 மீட்டர் செல்கிறது. அதே நேரத்தில் கால் கடக்கும் வட்டத்தின் சுற்றளவு ஒரு மீட்டரைச் சற்றே தாண்டும். கால் ஒரு மீட்டர் நகர, வண்டி ஐந்து மீட்டர் நகர்கிறது. தொலைவில் ஐந்து மடங்கு ஆதாயம் கிடைத்தால் விசையில் ஐந்து மடங்கு இழப்பு நேரும் என்பது இயற்பியல் பாடத்தில் கண்ட விதி. ஆகவே 7 கிலோ, மிதியின்மேல் 35 கிலோவாகிறது.

அதுவும் சராசரிக் கணக்கே. மிதி உச்சியிலும் அடியிலும் இருக்கும்போது காலின் அழுத்தத்தால் பயனில்லை. முன்புறம் கிடைமட்டமாக வரும்போதுதான் முழுப்பயன். அந்நொடியில் தேவைப்படும் அழுத்தம் சராசரியைப்போல் ஒன்றரை மடங்குக்கும் சற்று அதிகம். 35 கிலோ, 55 கிலோவாகிவிடுகிறது. மாணவரின் எடையோ 50 கிலோ!

கொங்கு நாட்டில் முன்னாளில் கிணற்று நீரைக் கவலை கட்டி இறைத்தனர். மாடுகள் சரிவில் இறங்கும்போது அவற்றின் எடையே வடத்தை இழுக்கும். ஓட்டுபவரும் வடத்தின்மேல் அமர்ந்து தம் எடையைச் சேர்ப்பார். இருக்கையை விட்டு எழுந்து நின்று மிதிப்பவரும் அதையேதான் செய்கிறார். உடலின் எடைதான் அவருடைய எல்லை. கைப்பிடியை மேல்நோக்கி இழுத்துச் சில மீட்டர் தொலைவுக்கு அவ்வெல்லையை மீறலாம். இரண்டு கிலோமீட்டருக்கு இயலாது. ஏறமுடியாமல் இறங்கித் தள்ளுபவரிடம் வலிமை இல்லையென்பது தவறு. அவருடைய வண்டியின் பற்கள் அவர்பக்கம் இல்லை என்பதே சரி.

பற்களின் எண்ணிக்கை

மலை இரயிலின் பற்கள் சக்கரம் வழுக்காமல் பற்றிக்கொள்வதற்கானவை. மிதிவண்டியின் பற்களுக்குரிய பணி வேறு. வேகத்தை விட்டுக்கொடுத்து விசையைப் பெறுவது அவற்றின் பணி. முன்புறம் 28 பற்களும் பின்புறம் 28 பற்களும் உள்ள நிலைக்குச் சங்கிலியை மாற்றினால், மிதி ஒருமுறை சுற்ற, சக்கரமும் ஒருமுறையே சுற்றும். 26 அங்குலச் சக்கரமாயின் வண்டி ஏறத்தாழ 2.05 மீட்டர் செல்லும். 12இல் 1 சரிவில் மிதியின் சராசரிச் சுமை 35 கிலோவிலிருந்து 13 கிலோ அளவுக்கு இறங்கிவிடுகிறது. உச்சச் சுமையும் 21 கிலோவைத் தாண்டுவதில்லை. அமர்ந்தபடியே மிதிக்கலாம்.

இதற்கு ஈடாக வேகம் குறைகிறது. நூறு வாட் அளவில் தொடர்ந்து உழைக்கும் ஒருவர் அச்சரிவில் மணிக்கு 5 கிலோமீட்டர் வேகத்திலேயே ஏறுவார். அது நடைவேகத்தைவிடச் சிறிதே அதிகம். இதனினும் மெதுவாகச் சென்றால் வண்டியை நிலைகுலையாமல் ஓட்டுவது கடினம். ஆகவே மிகச் செங்குத்தான இடங்களில் இறங்கித் தள்ளுவதே அறிவுடைமை. கியர் வண்டியின் பயன், அத்தகைய இடங்கள் குறைவதில்தான் உள்ளது.

பல வேக அமைப்பு எளிதில் ஏற்றுக்கொள்ளப்பட்டதன்று. பிரான்சு நாட்டில் மலைகள் சூழ்ந்த செயின்ட் எட்டியென் நகரில் பட்டு வணிகராக இருந்த போல் தெ விவி என்பார், வெலோசியோ என்னும் புனைபெயரில் இதழ் நடத்தி, ஏற்றத்திற்குத் தனிப் பல் வேண்டும் என்று பல்லாண்டுகள் வாதிட்டார். 1903இல் தொடங்கிய புகழ்பெற்ற டூர் தெ பிரான்சு போட்டியின் அமைப்பாளரோ அதை ஏற்கவில்லை. தசையின் வலிமையே வெல்ல வேண்டும் என்பது அவர் கருத்து. எனவே அடிவாரத்தில் வீரர்கள் வண்டியை நிறுத்தி, பின்சக்கரத்தைக் கழற்றித் திருப்பி மாட்டி, மறுபக்கத்திலுள்ள பெரிய பல்லில் சங்கிலியை ஏற்றிக்கொண்டு மலையேறினர். சங்கிலியை இடம்மாற்றும் கியர் அமைப்பு அப்போட்டியில் 1937ஆம் ஆண்டுதான் அனுமதிக்கப்பட்டது. உலகின் தலைசிறந்த வீரர்களே ஒற்றைப் பல்லோடு மலையில் திணறினர் எனில், புத்தகப் பையோடு ஏறும் மாணவர் திணறுவதில் வியப்பில்லை.

கடையில் கண்ணைக் கவர்பவை

கோவையின் மிதிவண்டிக் கடைகளில் நுழைபவர் முதலில் கேட்பது, எத்தனை கியர் என்பதே. 21 கியர் என்றால் முன்புறம் மூன்று பற்சக்கரங்கள், பின்புறம் ஏழு. 18 என்றால் மூன்றும் ஆறும். இவற்றுள் பல ஏறக்குறைய ஒரே விகிதத்தைத் தருபவை. மலைக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான்: முன்புறத்தின் மிகச் சிறிய பல்லும் பின்புறத்தின் மிகப் பெரிய பல்லும் சேரும் நிலை. முன்னே 42 பற்கள் கொண்ட ஒரே சக்கரமும் பின்னே ஏழு சக்கரங்களும் உள்ள வண்டியில் பின்புறத்தின் பெரிய சக்கரம் 28 பற்களாயின் விகிதம் 1.5. முன்னே 28 பற்களுள்ள சிறிய சக்கரம் இருந்தால் அதே 28உடன் விகிதம் 1. பின்புறம் 34 பற்கள் வரை உள்ள தொகுதி கிடைத்தால் விகிதம் 0.82 ஆகிறது, கொல்லிமலைக்கும் அது போதுமானது.

இதை அறிய விற்பனையாளரின் சொல்லை நம்பியிருக்க வேண்டியதில்லை. பற்களை எண்ணலாம். எண்ண முடியாவிடில், மிக இலகுவான கியரில் வைத்து, மிதியைக் கையால் தள்ளி ஒரு முழுச் சுற்று சுற்றி, வண்டி தரையில் எவ்வளவு நகர்ந்தது என்று அளவு நாடாவால் அளக்கலாம். இரண்டு மீட்டருக்கு அருகில் இருந்தால் அது மலைவண்டி; மூன்றைத் தாண்டினால், வண்டியின் பெயர்ப்பட்டையில் மலை என்று எழுதியிருந்தாலும் அது சமவெளிக்கே உரியது.

அடுத்து, முன் கவையில் பொருத்தப்பட்ட சஸ்பென்ஷன். குறைந்த விலை வண்டிகளில் இது எடையைக் கூட்டுகிறது. எழுந்து நின்று மிதிக்கும்போது மேலும் கீழும் அசைந்து உழைப்பின் ஒரு பகுதியை விழுங்குகிறது. பின்புறமும் சஸ்பென்ஷன் உள்ள மலிவான வண்டி தார்ச்சாலை ஏற்றத்திற்கு ஏற்றதே அன்று. அதற்குக் கொடுக்கும் பணம், கியர், பிரேக் ஆகியவற்றின் தரத்திலிருந்து கழிக்கப்பட்ட பணம் என்றே கருத வேண்டும். அசையாத இரும்புக் கவை போதும். தேயிலைத் தோட்டத்து மண்பாதை நாள்தோறும் குறுக்கிடுமாயின் சற்று அகன்ற டயர் அவ்வதிர்வைத் தாங்கும். தார்ச்சாலை மட்டுமே எனில் முரட்டுக் கட்டைகள் கொண்ட டயரைவிட மேல்தளம் வழவழப்பானதே இலகுவாக உருளும். காற்றழுத்தம் குறையாமல் பார்த்துக்கொள்வதும் அதே அளவுக்குப் பயன்தரும்.

வண்டியை ஒரு கையால் தூக்கிப் பார்த்து எடையை மதிப்பிடுவதும் வழக்கம். எடை குறைவது நன்றே. ஆயினும் 75 கிலோ மொத்தச் சுமையில் வண்டியின் எடை இரண்டு கிலோ குறைந்தால் ஏற்றத்தின் சுமை மூன்று விழுக்காட்டுக்கும் குறைவாகவே குறையும். பின்பற்சக்கரத்தில் இரு பற்கள் கூடினாலே பத்து விழுக்காடு வரை குறையும். அலுமினியச் சட்டத்திற்கெனச் சில ஆயிரம் ரூபாய் கூடுதலாகக் கொடுப்பதற்குமுன் இவ்விரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்கலாம். தேவையற்ற புத்தகங்களைப் பையிலிருந்து எடுத்துவிட்டால் அந்த இரண்டு கிலோ செலவின்றியே குறைந்துவிடும்.

வண்டியின் அளவு, ஏறுபவரின் உயரத்திற்குப் பொருந்த வேண்டும். குதிகாலை மிதியின்மேல் வைத்தால், மிதி மிகக் கீழே இருக்கும்போது கால் நேராக நீளும் அளவுக்கு இருக்கையை உயர்த்துவது முறை. தாழ்ந்த இருக்கையில் அமர்ந்து ஏற்றம் மிதித்தால் முழங்கால்தான் முதலில் முறையிடும்.

ஒற்றை வேக வண்டிக்கு ஒரு வழி

புதிய வண்டி வாங்க இயலாதோர் என்ன செய்வது? கியர் தொகுதியை ஒற்றை வேக வண்டியில் பொருத்துவது எளிதன்று. பின் கவையின் அகலம், அச்சு, சங்கிலி என யாவும் மாற வேண்டியிருக்கும். ஆனால் பின்பற்சக்கரத்தை மட்டும் மாற்றலாம். ஃப்ரீவீல் என்று பட்டறைகளில் வழங்கும் அவ்வுறுப்பு திருகு மரையால் பொருத்தப்பட்டது. 18 பற்கள் கொண்டதைக் கழற்றிவிட்டு 22 பற்கள் கொண்டதைப் பொருத்த மிதிவண்டிப் பட்டறைக்குச் சிறிது நேரமே ஆகும். சங்கிலியில் ஓரிரு கண்ணிகளைச் சேர்க்க வேண்டியிருக்கும். புதிய வண்டியின் விலையோடு ஒப்பிட இச்செலவு மிகச் சிறிது.

இதனால் விளையும் மாற்றம் சிறிதன்று. 44-க்கு 22 என்றால் விகிதம் 2; ஒரு மிதிச்சுற்றுக்கு 4.4 மீட்டர். 12இல் 1 சரிவில் உச்சச் சுமை 55 கிலோவிலிருந்து 45 கிலோ அளவுக்கு வருகிறது. ஐம்பது கிலோ மாணவரின் எல்லைக்கு வெளியே இருந்த ஏற்றம், எல்லைக்குள் வந்துவிடுகிறது. 100-க்கு 5 என்ற சரிவிலோ 36 கிலோவிலிருந்து 29 ஆகிறது. சமவெளியில் நிமிடத்திற்கு 60 சுற்று மிதிப்பவர் மணிக்கு 19 கிலோமீட்டருக்குப் பதிலாக 16 கிலோமீட்டரே செல்வார் என்பதுதான் இழப்பு. ஆனைகட்டிச் சாலையிலோ மருதமலை அடிவாரத்திலோ வாழ்பவர் இவ்விழப்பைப் பொருட்படுத்தமாட்டார். வால்பாறையின் நெடிய ஏற்றத்திற்கு இது போதாது என்பதையும் சொல்லியாக வேண்டும்.

பழைய கியர் வண்டியை வாங்குவோர், பற்கள் சுறாமீனின் துடுப்புபோலக் கூர்மையாகத் தேய்ந்துள்ளனவா, சட்டத்தின் பற்றவைப்பு இணைப்புகளில் கீறல் உண்டா, ரிம்மின் பக்கச்சுவர் உட்குழிந்துள்ளதா எனப் பார்த்தல் வேண்டும். பற்கள் தேய்ந்தால் மாற்றலாம். சட்டத்தில் கீறல் இருந்தால் விலை எவ்வளவு குறைந்தாலும் வாங்கலாகாது.

இறங்கும்போது

ஏற்றத்தில் தவறான வண்டி களைப்பைத் தரும். இறக்கத்தில் தவறான வண்டி உயிருக்கே கேடாகும். எனவே செலவைக் குறைக்கக் கூடாத உறுப்பு பிரேக் ஆகும்.

குன்னூரிலிருந்து மேட்டுப்பாளையத்திற்கு இறங்குபவர் ஏறத்தாழ 1,400 மீட்டர் கீழே வருகிறார். 75 கிலோ எடை அவ்வளவு உயரத்திலிருந்து இறங்கும்போது விடுபடும் ஆற்றல், மூன்று லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதுமானது. அதில் ஒரு பங்கைக் காற்று எடுத்துக்கொள்ளும். எஞ்சியது பிரேக் கட்டையிலும் ரிம்மிலும் வெப்பமாகச் சேரும். பின்னிருக்கையில் ஐம்பது கிலோ நண்பர் ஒருவர் அமர்ந்தால் மொத்த எடை 125 கிலோவாகி, அவ்வாற்றலும் மூன்றில் இரு பங்கு கூடிவிடுகிறது. மலை இறக்கத்தில் இருவர் செல்லலாகாது என்பதற்கு இக்கணக்கே காரணம்.

இரும்பு ரிம் காய்ந்திருக்கும்போது ஓரளவு பிடிக்கும். நனைந்துவிட்டால் ரப்பர் கட்டை அதன்மேல் வழுக்கும். அலுமினிய ரிம் மழையிலும் இதனினும் நன்றாகப் பிடிக்கும். மாநிலத்தின் மிக அதிக மழைபெறும் இடங்களுள் ஒன்றான சின்னக்கல்லாறு வால்பாறைக்கு அருகில் உள்ளது. அங்கே இரும்பு ரிம் வண்டியில் இறங்குவதைத் தவிர்ப்பதே நன்று. அலுமினிய ரிம்மும், இருபுறமும் நீண்ட கரங்களால் கவ்வும் வி-பிரேக்கும் உள்ள வண்டி, விலைக்கும் பாதுகாப்புக்கும் இடையே பொருத்தமானது. அதன் கட்டைகள் சிற்றூர்ப் பட்டறைகளிலும் கிடைக்கும். கம்பியால் இயங்கும் டிஸ்க் பிரேக் சேற்றிலும் மழையிலும் சிறந்ததே. ஆயினும் அதற்குரிய தகடுகள் அருகில் கிடைக்குமா என்று விசாரித்த பின்னரே வாங்க வேண்டும். கிடைக்காத உறுப்புக்காகக் கோவைக்குப் பேருந்து ஏறும் வரை வண்டி நின்றுவிடும். நிற்காமல் ஓட்டப்பட்டால் அது இன்னும் கேடு.

இறங்கும்போது இரு பிரேக்குகளையும் பகிர்ந்து பயன்படுத்துதல், கொண்டை ஊசி வளைவுக்குள் நுழையும் முன்பே வேகத்தைக் குறைத்தல், நெடிய இறக்கத்தில் இடையிடையே நிறுத்தி ரிம்மை ஆறவிடுதல் ஆகியன மலைச்சாலையில் பழகியோரின் வழக்கங்கள். சூடேறிய ரிம்மைத் தொட்டுப் பார்த்தல் கூடாது, விரல் வெந்துவிடும். குறுகிய மலைப்பாதையில் ஏறிவரும் வண்டிக்கே முதலில் வழிவிட வேண்டும் என்பது சாலை விதி. சுமையேற்றிய லாரியை ஏற்றத்தின் நடுவே நிறுத்தி மீண்டும் கிளப்புவது எவ்வளவு கடினம் என்பதை, ஒற்றைப் பல் வண்டியில் ஏறிப் பார்த்தவர் நன்கு உணர்வார்.

பிரேக் கட்டையின் முகத்தில் சிறு பள்ளங்கள் உண்டு. அவை தேய்ந்து மறைந்துவிட்டால் கட்டையை மாற்றிவிட வேண்டும். பிரேக் கம்பியின் இழைகளுள் ஒன்று அறுந்திருந்தாலும் கம்பி முழுவதையும் மாற்ற வேண்டும். தென்மேற்குப் பருவமழையைப் பெறும் வால்பாறைப் பக்கத்தில் இப்பணிக்கு உரிய காலம் மே மாத இறுதி; வடகிழக்குப் பருவமழை மிகுதியாகப் பெய்யும் குன்னூர், கோத்தகிரிப் பக்கத்தில் செப்டம்பர் மாதம்.